அக்கா வைத்த கழுத்து

“உனக்கு வேற சோலியே இல்லியா கண்ணு? படிக்கறதை உட்டுப்போட்டு, அம்மாயிக்கு யாரு தைக்கச் சொல்லிக் குடுத்தாங்கன்னு கேட்டுட்டு வந்து நிக்கறே. அதைத் தெரிஞ்சு நீ என்ன கலெக்டர் ஆகப் போறியா?”

இப்படித்தான் என் மகள் வயிற்றுப் பேத்தியைத் திட்டினேன். திட்டினால் போய்விடுவாள் என்று நினைத்தேன். போகவில்லை. செல்போனை என் வாய்க்கு நேராக நீட்டிக்கொண்டு, தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள். அவளுடைய பள்ளிக்கூடத்துக்கு ஏதோ சேவைச் சங்கத்துக்காரர்கள் ஞாயிறுதோறும் வருகிறார்களாம். ஒருத்தர் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்கிறார், ஒருத்தர் வீட்டு வயரிங், ஒரு அம்மாள் இங்கிலீஷ். வீட்டில் யாருக்காவது கைத்தொழில் தெரிந்தால் அழைத்து வாருங்கள் என்று சொல்லியிருக்கிறார்கள். இந்தக் கழுதை என் பேரைக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள். நான் மைக்கைப் பிடித்து, எப்படி டெய்லர் ஆனேன் என்று பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டுமாம்.

மைக்கில் வேறு ஏதாவது சொல்லிக்கொள்கிறேன். ஊசி குத்தாமல் இருக்க என்ன செய்ய வேண்டும், நூல் அறுந்தால் என்ன செய்ய வேண்டும், அந்த மாதிரி. நடந்தது இதுதான்.

அப்போது நாங்கள் திருப்பூர் வேலம்பாளையத்தில் லைன் வீட்டில் குடியிருந்தோம். வரிசையாக வீடுகள். எல்லாருக்கும் சேர்த்து ஒரே தண்ணீர்க் குழாய். ஒரு வீட்டில் கருவாடு வறுத்தால் மற்ற வீடுகளில் வாசத்துக்கே ரெண்டு உருண்டை சோறு கூடுதலாக இறங்கும். அப்படி நெருக்கம். ரகசியம் என்று யாருக்கும் எதுவும் கிடையாது. இருந்தால் அதை நான் இருக்க விட்டதில்லை. எந்த வீட்டில் சண்டை, எந்த வீட்டுக்கு விருந்தாளி, ஒறம்பரை வந்திருக்கிறது, யார் யாரிடம் பேசுவதில்லை என்று எல்லாம் குழாயடிக்கு என் வாய் வழியாகத்தான் போய்ச் சேரும். எனக்கு அதில் ஒரு பெருமை.

அப்பா பல்லடம் பக்கம் தறி ஓட்டிக்கொண்டிருந்தார். பஞ்சுத் தூசி நெஞ்சில் இறங்கி, இருமல் பிடித்துக்கொண்டது. இருமினால் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் இருமுவார். தறிக் கொட்டகைப் பக்கமே இனிப் போகக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதிலிருந்து வீட்டில்தான் இருந்தார். வேலையில்லாமல் வீட்டில் இருக்கிற ஆண்பிள்ளைக்கு வருகிற கோபம் அவருக்கு வரவில்லை. அதுதான் எங்களுக்குக் கஷ்டமாகப் போயிற்று. கோபப்பட்டிருந்தால் நாங்கள் எதிர்த்துப் பேசியிருப்போம். அவரோ எங்களைப் பார்த்தாலே கண்ணைக் கீழே போட்டுக்கொள்வார். சோறு போடும்போது போதும் போதும் என்று கையை மறிப்பார்.

அம்மா பனியன் கம்பெனியில் கைமடி. டெய்லர் மிஷினில் தைத்துத் தள்ளிக்கொண்டே இருப்பார். பக்கத்தில் நின்று அவருக்குப் பீஸ் எடுத்துக் கொடுப்பதும், தைத்ததை வாங்கி மடித்து அடுக்குவதும் கைமடியின் வேலை. கம்பெனிக்குப் புதிதாகப் போகிற பெண்பிள்ளை யாராக இருந்தாலும் கைமடியாகத்தான் நிற்க வேண்டும். வருஷக்கணக்கில் நிற்க வேண்டும். மிஷினில் உட்கார வைத்து யாரும் சொல்லிக்கொடுக்க மாட்டார்கள். டெய்லர் சாப்பிடப் போகிற நேரம் பார்த்து, காலியாகக் கிடக்கிற மிஷினில் உட்கார்ந்து, வெட்டிப் போட்ட துண்டுத் துணியை ஓட்டிப் பார்த்துத் தானாகப் பழகிக்கொள்ள வேண்டும். திருப்பூரில் டெய்லர் ஆனவர்களில் பாதிப்பேர் அப்படிச் சாப்பாட்டு நேரத்தில் ஆனவர்கள்தான்.

நானும் அப்படித்தான். கம்பெனியில் வேலைக்கே சேராமல் ஆகிவிட்டேன் என்பதுதான் கூத்து.

எங்கள் பள்ளிக்கூடம் அம்மா வேலை பார்த்த கம்பெனிக்கு அடுத்த தெருவில் இருந்தது. மத்தியானம் மணி அடித்ததும் வீட்டுக்கு ஓடி, அப்பா சோறு கட்டி வைத்திருக்கும் தூக்குப்போசியை எடுத்துக்கொண்டு கம்பெனிக்கு ஓடுவேன். அம்மா சாப்பிடுகிற நேரத்துக்கு எனக்கு வேலை இருக்காது. சும்மா இருக்கவும் தெரியாது. அம்மா கைமடியாக நின்ற டெய்லர் எங்கள் லைன் வீட்டுக்காரர்தான், அடுத்த வீடு. திருநெல்வேலிப் பக்கம். சாப்பிடப் போகும்போது என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, “ஏட்டி, ஊசிய ஒடிச்சே, ஒன் கைய ஒடிச்சிருவேன்” என்பார். அதுதான் உட்கார்ந்துகொள் என்பதற்கு அவர் பாஷை.

ஓவர்லாக் மிஷின் ஒரு குதிரை. மிதித்தால் பறக்கும். முதலில் பயமாகத்தான் இருந்தது. பிறகு அது என் காலுக்குப் பழகிவிட்டது. பனியனுக்குப் பக்கம் மூட்டினேன், கை மூட்டினேன், கடைசியில் கழுத்து வைக்கவும் வந்துவிட்டது. கழுத்து வைப்பதுதான் கஷ்டம். கழுத்துப் பட்டி சின்னதாக இருக்கும், பனியனின் கழுத்து வட்டம் பெரிதாக இருக்கும். பட்டியை இழுத்துப் பிடித்துக்கொண்டே தைக்க வேண்டும், பனியனை இழுக்கக் கூடாது. அப்போதுதான் ரெண்டும் சரியாகப் போய் முடியும். மாற்றிப் பிடித்தால் கழுத்து தொங்கிப் போகும்.

மற்ற கைமடிப் பெண்கள் எல்லாம் நின்று பார்த்து, பாருங்கடி இந்தச் சுண்டைக்காயை என்பார்கள். எனக்குத் தலை கிறுகிறுக்கும். அம்மா மட்டும் ஒரு நாளும் மெச்சினதில்லை. சோற்றை வாயில் வைத்துக்கொண்டே எழுந்து வந்து என் தோளைப் பிடித்துத் தூக்கிவிடுவாள். “இதையெல்லாம் பழகிக்காதே சாமி. எந்திரி” என்பாள். ஊசி உடைந்தால் திட்டு விழுமே என்று பயப்படுகிறாள் என்று நினைத்தேன்.

அந்த வருஷம் நான் ஏழாம் வகுப்பு, அக்கா ஒன்பதாம் வகுப்பு. அக்காவைப் பற்றிச் சொல்லவேண்டும் என்றால், அவள் பேசமாட்டாள். வீட்டில் இருந்த பேச்சையெல்லாம் நான் எடுத்துக்கொண்டதால் அவளுக்கு மிச்சமில்லாமல் போயிற்றோ என்னவோ. கணக்குப் போடுவாள். கரி கிடைத்தால் வீட்டுக்குப் பின்னால் பொடக்காலிச் சுவரில் போடுவாள், குச்சி கிடைத்தால் மண்ணில் போடுவாள். அவள் போட்ட கணக்கின் மேல் நான் வேண்டுமென்றே நடந்து போவேன். திட்டமாட்டாள். நான் போனதும் மறுபடி போடுவாள்.

அந்த வருஷம்தான் எங்கள் பள்ளிக்கூடத்துக்கும் இப்படி ஒரு சேவைச் சங்கத்துக்காரர்கள் வந்தார்கள். சட்டையில் சின்னதாக ஒரு பேட்ஜ் குத்தியிருப்பார்கள். கம்பெனி முதலாளி, அச்சாபீஸ்காரர், டாக்டர் என்று எல்லாம் பெரிய மனிதர்கள். ஞாயிற்றுக்கிழமையானால் வேனில் வந்து இறங்குவார்கள். பையன்களுக்கு ஒருத்தர் பியூஸ் போடச் சொல்லிக்கொடுத்தார். டாக்டர் காயத்துக்குக் கட்டுப் போடச் சொல்லிக்கொடுத்தார். பெரிய வகுப்புப் பெண்பிள்ளைகளுக்குத் தையல். சங்கத்துத் தலைவர் தன் கம்பெனியிலிருந்தே மிஷின்களையும் கட்டிங் மாஸ்டரையும் கொண்டுவந்திருந்தார். ஏழாம் வகுப்புக்கு அங்கே இடமில்லை. இருந்தாலும் அக்காவோடு நானும் போவேன். ஞாயிற்றுக்கிழமை டீயும் பன்னும் கொடுத்தார்கள், அதற்காக.

தலைவரின் வீட்டம்மாவும் கூட வருவாள். அவள் பேர் என்ன என்று யாருக்கும் தெரியாது, சங்கத்தம்மா என்போம். காலேஜில் கணக்குப் படித்தவளாம். கல்யாணமாகி வந்த வீட்டில் கணக்குக்கு வேலையில்லாமல் போயிற்றாம். தையல் முடிந்த பிள்ளைகளை வராந்தாவில் உட்கார வைத்து, ஒவ்வொருத்தியிடமும் பேசுவாள். பெரியவளாகி என்ன ஆகப் போகிறாய் என்று கேட்பாள். அதுவரை எங்களிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை. நான்தான் முந்திக்கொண்டு, “நான் கல்யாணம் ஆகப் போறேனுங்க” என்றேன். எல்லாரும் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள். அக்கா சிரிக்காமல் இருந்து, சிரிப்பு அடங்கிய பிறகு மெதுவாகச் சொன்னாள்.

“கணக்கு டீச்சருங்க.”

சங்கத்தம்மா அவளை ஒரு பார்வை பார்த்தாள் பாருங்கள், கடையில் ரொம்ப நாள் தேடிய பொருள் கிடைத்த மாதிரி. அடுத்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அக்காவுக்கு வராந்தாவில் தனி வகுப்பு. என்னவோ எழுத்தையும் எண்ணையும் கலந்து போடுகிற கணக்கு. வாடகை வீட்டில் குடியிருக்கிற எங்களுக்கு எதற்கு அந்தக் கணக்கு என்று நான் கேட்டேன். அக்கா குனிந்து அடுத்த கணக்கைப் போட்டாள். முகம் மட்டும் விளக்குப் போட்ட மாதிரி இருந்தது.

தையலும் அக்காவுக்கு வந்தது. அதுதான் வினையாகப் போயிற்று. மாஸ்டர் அவளைப் புகழ்ந்தார். சங்கத்துத் தலைவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை பெற்றவர்களையெல்லாம் கூப்பிட்டு, நன்றாகத் தைக்கிற பிள்ளைகளைத் தன் கம்பெனியிலேயே சேர்த்துக்கொள்வதாகச் சொன்னார். கைமடியாக நிற்கவே வேண்டாம், நேரே மிஷினில் டெய்லர். கூட்டத்தில் ஒரு சத்தம் எழுந்தது. எங்கள் லைன் வீட்டில் இருந்த பெண்களில் ஒருத்திகூட அப்படி உட்கார்ந்தவள் இல்லை. நல்ல மனசோடுதான் சொன்னார் அவர். அதில் ஒரு குற்றமும் சொல்ல முடியாது.

அன்றைக்குச் சாயங்காலம் அப்பா அக்காவைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். அவள் தலையில் கையை வைத்துக்கொண்டே இருந்தார்.

“பெரியவளே, என்னால முடியலீடா சாமி. இந்தப் பரீட்சையோட நிறுத்திக்கோ. நீதான் இந்த ஊட்டைப் பாத்துக்கோணும்.”

அக்கா சரிங்கப்பா என்றாள். அவ்வளவுதான். அழவில்லை, எதிர்த்துப் பேசவில்லை. எனக்கு ஒரே சந்தோஷம். அக்கா டெய்லர் ஆகிவிட்டால் எனக்குச் சம்பள நாளில் திங்க வாங்கிக்கொண்டு வருவாளே. அம்மா அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். நெருப்பு நன்றாக எரிந்துகொண்டிருந்தது, இருந்தும் ஊதினாள்.

அதற்கப்புறம் வந்த ஞாயிற்றுக்கிழமை அக்கா வராந்தாவில் கணக்குப் போடவில்லை. பள்ளிக்கூடத்துத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் சங்கத்தம்மாவோடு நின்று பேசிக்கொண்டிருந்தாள். வாயே திறக்காத அக்கா பேசுகிறாள், அந்த அம்மா கேட்டுக்கொண்டு நிற்கிறாள். சங்கத்தம்மா தன் முந்தானையால் ஒரு தரம் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். நான் பக்கத்தில் போனதும் ரெண்டு பேரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். சங்கத்தம்மா என் கையில் இன்னொரு பன்னைக் கொடுத்து, போய் விளையாடு கண்ணு என்றாள். அந்தப் பன்னோடு என் சந்தேகமும் முடிந்தது.

கடைசி ஞாயிற்றுக்கிழமை விழா வைத்தார்கள். பள்ளிக்கூட மைதானத்தில் சாமியானா போட்டு, மிஷின்களை வரிசையாக வைத்திருந்தார்கள். சங்கத்துக்காரர்கள் எல்லாரும் முன்னால் நாற்காலியில், பெற்றவர்கள் பெஞ்சில். அம்மாவுக்கு அன்றைக்குக் கம்பெனியில் வேலை. சரக்கு போகிற அவசரம், லீவு கொடுக்கவில்லை. அப்பா வந்திருந்தார். கல்யாணத்துக்குப் போகிற மாதிரி வேட்டி சட்டை போட்டுக்கொண்டு, இருமல் வந்துவிடக் கூடாதே என்று துண்டை வாயில் அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

ஒவ்வொரு பெண்ணாகக் கூப்பிட்டு, எல்லாருக்கும் முன்னால் ஒரு பனியனுக்குக் கழுத்து வைத்துக் காட்டச் சொன்னார்கள். முதலில் போனவர்கள் ஏதோ தட்டுத் தடுமாறி வைத்தார்கள். கை தட்டினோம். அக்கா பேரைக் கூப்பிட்டதும் மாஸ்டர் எழுந்து நின்று, இப்பப் பாருங்க என்று தலைவரிடம் சொன்னார். அக்கா உட்கார்ந்தாள். நிதானமாகத் தைத்தாள். நூலை வெட்டினாள். பனியனை எடுத்து மாஸ்டர் கையில் கொடுத்துவிட்டுத் தலையைக் குனிந்து நின்றாள்.

மாஸ்டர் அதை ஒரு ஆறாம் வகுப்புப் பையனுக்கு மாட்டினார். கழுத்து தோளைத் தாண்டி இறங்கி அவன் முழங்கைக்கு வந்து நின்றது. பையன் ரெண்டு கையையும் மடக்கிக்கொண்டு கோழிக்குஞ்சு மாதிரி நின்றான். ஒரு கழுத்துக்குள் ரெண்டு தலை போகலாம். மைதானமே சிரித்தது. நானும் முதலில் சிரித்துவிட்டேன், சிரித்த பிறகுதான் அது என் அக்கா தைத்தது என்று உறைத்தது.

மாஸ்டருக்குப் புரியவில்லை. போன வாரம் நன்றாகத்தானே வைத்தாய் என்று கேட்டார். அக்கா பட்டியை விட்டுவிட்டுப் பனியனை இழுத்துப் பிடித்துத் தைத்திருந்தாள். நான் அதற்கப்புறம் எத்தனையோ ஆயிரம் கழுத்து வைத்தாயிற்று, எத்தனையோ பிள்ளைகள் கெடுத்த கழுத்தைப் பிரித்தும் கொடுத்தாயிற்று. தெரியாதவள் கை ஓரிடத்தில் இழுக்கும், ஓரிடத்தில் விடும். அக்காவின் கழுத்து சுற்றிலும் ஒரே சீராகத் தொங்கியது. அப்படிக் கெடுப்பதற்கு நன்றாகத் தைக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

சங்கத்தம்மா எழுந்து வந்தாள். பனியனைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவள் யாரையும் கடிந்து பேசி நான் கேட்டதில்லை. அன்றைக்கு எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, என் அப்பாவைப் பார்த்துச் சொன்னாள்.

“ஏனுங்க, உங்க பெரிய புள்ளைக்கு மிஷின் ஒத்து வராதுங்க. கம்பெனிக்கு அனுப்புனா சரக்கைத்தான் கெடுக்கும். பேசாமப் பள்ளிக்கோடத்துலயே உட்டுருங்க.”

அப்பா எழுந்து நின்று கேட்டுக்கொண்டார். பெரியவர்கள் பேசும்போது உட்கார்ந்து கேட்கிற பழக்கம் அவருக்குக் கிடையாது. சரிங்கம்மா என்றார். துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துவிட்டு, மறுபடி உட்காரலாமா நிற்கலாமா என்று தெரியாமல் நின்றார். பக்கத்துப் பெஞ்சில் யாரோ இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

எனக்கு ஆத்திரம் வந்தது. இத்தனை பேர் முன்னால் என் அப்பாவை நிற்க வைத்துவிட்டாளே இந்தச் சங்கத்தம்மா, டீயும் பன்னும் கொடுத்தது இதற்குத்தானா என்று இருந்தது. அக்காமேலும் கோபம். இவ்வளவு சுலபமான வேலை, இதைப் போய்க் கெடுத்துவிட்டாளே. யாரையும் கேட்கவில்லை. எழுந்து நேரே போய் மிஷினில் உட்கார்ந்துகொண்டேன்.

“நான் வெக்கறேனுங்க. எனக்கு வரும்.”

சங்கத்தம்மா வேகமாக வந்து என் தோளைப் பிடித்தாள். சின்னப் பிள்ளை, இதெல்லாம் உனக்கு வேண்டாம், எழுந்திரு என்றாள். அக்கா இன்னொரு பக்கமாக வந்து குனிந்து, யாருக்கும் தெரியாமல் என் தொடையில் கிள்ளினாள்.

“எந்திரிடி. உனக்குக் கும்பிடு போடறேன், எந்திரிச்சுரு.”

நான் ஏன் எழுந்திருக்கிறேன்? கம்பெனியில் அம்மா வந்து தோளைப் பிடித்துத் தூக்கினால் எழுந்திருப்பேன், அது அம்மா. இவளுக்கு வரவில்லை என்றால் எனக்கும் வரக் கூடாதா? மாஸ்டருக்கும் விளையாட்டாக இருந்தது. விடுங்கம்மா, ஆசைப்படுகிறது என்று சொல்லி ஒரு பனியனையும் பட்டியையும் எடுத்து என் முன்னால் போட்டார்.

மிதித்தேன். பட்டியை இழுத்தேன், பனியனை விட்டேன். சுற்றி வந்து ஆரம்பித்த இடத்தில் போய் ஒரு நூல் பிசகாமல் முடிந்தது. அதுவரை சிரித்தவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள். மாஸ்டர் அதைப் பிடுங்காத குறையாக வாங்கி அந்தப் பையனுக்கு மாட்டினார். கழுத்து அவன் கழுத்திலேயே உட்கார்ந்தது. மாஸ்டர் அதை விரலால் இழுத்து விட்டார், டப்பென்று பழையபடி ஒட்டிக்கொண்டது. அப்போது தட்டினார்கள் பாருங்கள் கை. அந்த மாதிரிக் கைதட்டல் அதற்கப்புறம் எனக்கு என் கல்யாணத்தில்கூடக் கிடைக்கவில்லை.

தலைவர் எழுந்து வந்து என் தலையில் கை வைத்தார். எங்கே பழகினாய் என்று கேட்டார். சாப்பாட்டு நேரத்துலீங்க என்றேன். அதற்கும் சிரித்தார்கள், ஆனால் இது நல்ல சிரிப்பு. அவர் அப்பாவிடம் திரும்பினார்.

“இந்தக் கையை உட்டுரக் கூடாதுங்க. பரீட்சை வரைக்கும்கூட வெச்சிருக்க வேண்டாம். சின்னவளை நாளைக்கே அனுப்பியுடுங்க, நான் பாத்துக்கறேன்.”

சங்கத்தம்மா தன் வீட்டுக்காரரிடம் ஏதோ சொன்னாள். சின்னப் பிள்ளைங்க என்று மட்டும் என் காதில் விழுந்தது. அவர் சிரித்துக்கொண்டே, திறமைக்கு வயசு ஏது என்றார். நாற்காலியில் இருந்தவர்கள் எல்லாரும் ஆமாம் ஆமாம் என்றார்கள். அத்தனை பேருக்கு நடுவில் அவளால் அதற்குமேல் என்ன பேச முடியும்? அப்பா ரெண்டு கையையும் தலைக்குமேல் தூக்கிக் கும்பிட்டார். அவருக்கு இருமல் வந்துவிட்டது. இருமிக்கொண்டே கும்பிட்டுக்கொண்டிருந்தார்.

எனக்கு ஒரு எவர்சில்வர் டிபன் பாக்ஸ் பரிசு. அதைக் கொடுத்தது சங்கத்தம்மாதான். அன்றொரு நாள் அக்காவைப் பார்த்த மாதிரி என்னையும் பார்ப்பாள் என்று ஆசையாக நிமிர்ந்தேன். அவள் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. டிபன் பாக்ஸை என் கையில் வைத்து, அதன்மேல் தன் கையையும் வைத்து, கொஞ்ச நேரம் எடுக்காமல் இருந்தாள். கொடுக்க மனசில்லை போலிருக்கிறது, கஞ்சம் பிடித்தவள் என்று நினைத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார். நான் டிபன் பாக்ஸைத் தட்டித் தாளம் போட்டுக்கொண்டு வந்தேன். அக்கா பின்னால் வந்தாள். திரும்பிப் பார்த்தால் அழுதுகொண்டே வருகிறாள். கம்பெனிக்குப் போகச் சொன்ன அன்றைக்கு அழாதவள், போக வேண்டாம் என்று ஆன அன்றைக்கு அழுகிறாள்.

பொழுதோடு, விளக்கு வைக்கிற நேரத்துக்கு அம்மா வந்தாள். வாசலிலேயே அப்பா எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். பெரியவளுக்கு வரவில்லை, சின்னவள் கெட்டிக்காரி, முதலாளியே கூப்பிட்டுவிட்டார் என்று மூச்சு வாங்கச் சொன்னார். ரொம்ப நாளைக்கப்புறம் அப்பா எங்கள் கண்ணைப் பார்த்துப் பேசியது அன்றைக்குத்தான். அம்மா போசியைக் கீழே வைத்தாள். நேரே பொடக்காலிக்குப் போனாள். அக்கா அங்கேதான் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். டிபன் பாக்ஸைக் காட்டலாம் என்று நானும் பின்னாலேயே போனேன்.

“சின்னவகிட்ட நீ சொல்லி வெக்கலியா?” என்று அம்மா கேட்டாள்.

அக்கா அழுதுகொண்டே சொன்னாள்.

“அவ வாயில நிக்காதும்மா. லைனு பூராச் சொல்லிப்போடுவா. அப்பா காதுக்குப் போயிரும்னு சொல்லல.”

என்னிடம் மறைத்து ரெண்டு பேரும் ஏதோ வாங்கித் தின்றிருக்கிறார்கள் என்று நினைத்தேன். என்னது என்னது என்று கேட்டேன். அம்மா என்னை இழுத்து மடியில் உட்கார வைத்துக்கொண்டாள். ஏழாம் வகுப்புப் படிக்கிறவளை மடியில் வைத்துக்கொண்டால் எப்படி இருக்கும்? கால் ரெண்டும் தரையில் கிடந்தன. என் கையை எடுத்து ஒவ்வொரு விரலாக நீவிக்கொண்டே இருந்தாள். எனக்குக் கூசியது. அன்றைக்கு ராத்திரிச் சோறு எனக்குத்தான் முதலில் போட்டாள், அப்பாவுக்கும் முன்னால். சம்பாதிக்கப் போகிறவளுக்கு மரியாதை என்று எண்ணிக்கொண்டு நன்றாகத் தின்றேன்.

விடிந்ததும் அக்கா பள்ளிக்கூடம் போனாள், நான் கம்பெனிக்குப் போனேன். என் பள்ளிக்கூடப் பை அவளுக்குப் போயிற்று. அவளுடையதை விட என்னுடையது புதுசு. அவள் நினைத்த மாதிரியே கணக்கு டீச்சர் ஆனாள். இன்றைக்கும் நான் எங்கேயாவது கையெழுத்துப் போட வேண்டும் என்றால் பக்கத்தில் வந்து நிற்பாள். பேரை மெதுவாக எழுது என்பாள், அவசரமே இல்லை என்பாள். நான் டிபன் பாக்ஸ் வாங்கினவடி, நீ என்ன வாங்கினே என்று கிண்டல் செய்வேன். எல்லாரும் சிரிப்பார்கள். அவள் மட்டும் எழுந்து உள்ளே போய்விடுவாள்.

ஆனால் இதெல்லாம் பிறகு. அந்தக் காலையில், கம்பெனிக்குப் புறப்படுவதற்கு முன்னால், குடத்தை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனேன். லைன் வீட்டுப் பெண்கள் எல்லாரும் அங்கே இருந்தார்கள். டெய்லர் வீட்டு அக்காதான் முதலில் கேட்டாள். “ஏட்டி, ராத்திரி பூரா ஒங்க அக்கா அழுத சத்தம் கேட்டுச்சே. என்னட்டி ஆச்சு?”

நான் குடத்தை இறக்கி வைத்தேன். இடுப்பில் கையை வைத்துக்கொண்டேன். எல்லாரும் என்னைத்தான் பார்க்கிறார்களா என்று ஒரு தரம் சுற்றிப் பார்த்துக்கொண்டு சொன்னேன்.

“அது ஒண்ணுமில்லீங்க, பொறாமை. எனக்குக் கம்பெனி வேலை கெடச்சுருச்சு, நான் இன்னைல இருந்து டெய்லரு. அவளுக்கு மிஷினே வரல. பாவமுங்க எங்க அக்கா, இனி அவளுக்குப் பள்ளிக்கோடத்தை உட்டா வேற கெதியில்லே.”